அருவிக்குக் கீழே வெறும் உடம்போடு

இந்த ஆண்டும் போய் வந்தோம். ஜூலை 23 காலையில் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் பூத்தூவி அஞ்சலி. மாலையில் பஸ் பிடித்துத் தென்காசி. மறுநாள் விடியுமுன் குற்றாலம். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இதுதான் எங்கள் வழக்கம். ஆள் கூடும், குறையும். கல்யாணம் ஆனவர்கள் இரண்டு வருடம் காணாமல் போய், பிறகு பிள்ளைகளோடு திரும்பி வருவார்கள். வழக்கம் மட்டும் மாறவில்லை.

"அஞ்சலி செலுத்திய கையோடு அருவிக் குளியலா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். முகத்துக்கு நேரே கேட்காதவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

1999ஆம் ஆண்டு அதே ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. கூலி உயர்வும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும்தான் கோரிக்கை. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றுக்குள் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. எங்களோடு வரும் ஓர் அண்ணன் அந்த ஊர்வலத்தில் போனவர். அப்போது மீசை அரும்பாத வயது. அன்றைக்கு ஏறியவர் இன்றுவரை ஆற்றில் கால் நனைத்ததில்லை. அஞ்சலிக் கூட்டத்திலும் கரையில் நின்றுதான் பூவை வீசுவார். படியிறங்க மாட்டார்.

அவர் குளிக்கும் ஒரே பொதுத் தண்ணீர் குற்றாலம்தான். ஏன் என்று ஒருமுறை கேட்டோம். "ஆத்துல நாம தண்ணிக்குள்ள இறங்கணும். இங்க தண்ணி நம்ம மேல இறங்குது. ரெண்டும் ஒண்ணாடே?" என்றார். அருவித் தண்ணீர் எல்லாம் சாது என்று எண்ணிவிடவும் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் அண்ணன் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. அதன் பிறகு அஞ்சலியையும் குளியலையும் நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நாங்கள் குளித்த தண்ணீரும் அந்த ஆற்றுக்குத்தான் போகிறது.

சீசன் நேரத்துக் குற்றாலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சித்திரம். பேரருவி மேலேயிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாக்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் ஒருவரும் அடியில் நிற்க முடியாது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பி. போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். "குளிச்சவங்க வெளிய வாங்க, வெளிய வாங்க." சாரல் முகத்தில் அடிக்கும். குரங்கு பையைப் பிடுங்கும். பாதை நெடுகிலும் ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரங்காய் சிப்ஸ். ஓரமாக எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள். அருவிக்கு அடியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதுவும் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. தேய்ப்பதைத் தள்ளி உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும்.

அங்கே ஆண்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றுகிறார்கள். பேன்ட், வேட்டி, பனியன், வாட்ச், செருப்பு எல்லாம் ஒரு மூட்டையாகிவிடுகிறது. வங்கி மேலாளர், லாரி டிரைவர், பண்ணையார், பண்ணையாரின் வயலில் நாற்று நட்டவர், எல்லாரும் ஒரு டவுசரோடோ ஈரத் துண்டோடோ நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தொப்பை தொப்பையாகவே தெரிகிறது. பிடித்துவிட உட்காரும்போது எண்ணெய்க்காரர் எவருடைய சாதியையும் கேட்பதில்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "குனிங்க" என்கிறார். எங்கள் தாத்தாவின் தோளில் துண்டு கிடந்தாலே எடுக்கச் சொன்ன ஊரில் பிறந்த உடம்புகள் இவை. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கை அந்த உடம்பை அரைமணி நேரம் அழுத்திப் பிசைகிறது. தீண்டாமையைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறோம். அந்த அரைமணி நேரம் சொல்வதை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

ஆனால் சட்டையைக் கழற்றுவது எல்லாருக்கும் ஒன்றல்ல. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது. மறுத்தவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றாக ஆனது. குற்றாலச் சாரலில் குடையை விரித்துக்கொண்டு நடக்கும்போது இந்தப் பட்டியல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

குற்றாலத்திலிருந்து மேற்கே பாருங்கள். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கினால் கொல்லம் சாலை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. அந்த ராஜ்யத்தில் நாடார் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்குப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். கடைசியில் 1859 ஜூலை 26 அன்று, சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கியதால், மகாராஜா அனுமதி அறிவித்தார். அதிலும் ஒரு வால் இருந்தது. மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மறைக்கக் கூடாது. புலையர் பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கழுத்தில் கல்மாலைதான் போட வேண்டும் என்பது விதி. 1915இல் கொல்லத்தில், அய்யன்காளி அழைத்த கூட்டத்தில், அந்தப் பெண்கள் கல்மாலையை அறுத்து எறிந்தார்கள். குற்றாலத்துக்கு வரும் மலையாளச் சகோதரிகளைப் பார்க்கும்போது, இவர்களில் எத்தனை பேருடைய கொள்ளுப்பாட்டி அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பாள் என்று எங்களில் ஒருவர் எப்போதும் கேட்பார். வருடா வருடம் அதே கேள்வி, கேட்டுச் சலித்துவிட்டது. ஆனால் நல்ல கேள்விதான்.

எனவே எங்கள் ஆட்களுக்குத் துணி என்பது வாங்கிய உரிமை. அதனால்தான் அண்ணல் கோட்டும் டையுமாக நிற்கிறார். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் பெண்களிடம் தனியாகப் பேசியபோது, உங்கள் சாதி இன்னதென்று காட்டிக் கொடுக்கும் மாதிரி சேலை கட்டாதீர்கள், நகை போடாதீர்கள் என்றுதான் அவர் கேட்டுக்கொண்டார். கழற்ற வைப்பது இன்றும் ஆதிக்கத்தின் ஆயுதம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், பட்டியல் சாதியினரின் உடையை வலுக்கட்டாயமாக உரிவதும் நிர்வாணமாகவோ அரை நிர்வாணமாகவோ ஊர்வலம் விடுவதும் தனித்தனிக் குற்றங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை.

இப்படிப்பட்ட உடம்பு, தானாக விரும்பி, நாலு பேர் பார்க்கச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்கு அடியில் போய் நிற்பது சாதாரணக் காரியம் இல்லை. யாரும் உரியவில்லை, நாமே கழற்றினோம். குளிர் அடங்கியதும் நாமே போட்டுக்கொள்வோம்.

வெளிநாட்டில் இதற்கென்றே விடுதிகள் உண்டு. கரீபியன் தீவுகளில் கடற்கரை ஓரமாக, உடுத்தலாம், உடுத்தாமலும் இருக்கலாம் என்று பலகை வைத்த இடங்கள். ஜமைக்காவின் நெக்ரில் அதற்குப் பேர் போனது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஜோடி ஜோடியாக வந்து, வருடா வருடம் அதே அறை, அதே நண்பர்கள் என்று பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். துணியைப் போட்டதும் அந்தஸ்து வந்துவிடுகிறது, கழற்றினால் எல்லாரும் சமம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, நாங்களே அருவியில் பார்க்கிறோமே. ஆனால் அதே தீவில்தான் 1834க்கு முன்பு ஆப்பிரிக்க மனிதர்களைத் துணியில்லாமல் நிறுத்தி, பல்லையும் தசையையும் பார்த்து ஏலம் போட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்த விடுதிகளில் சீருடை போட்டுக்கொண்டு தட்டு ஏந்துகிறார்கள். 1956இல் போட்ட கடற்கரைச் சட்டம் கரையை அரசின் கையில் கொடுத்தது. தங்கள் தீவின் கடலில் குளிப்பதற்குப் பொதுவான உரிமை உள்ளூர் மக்களுக்கு இல்லை. அந்த உரிமை கேட்டு அங்கே இயக்கம் நடக்கிறது. யார் கழற்றலாம், யார் உடுத்திக்கொண்டு ஊழியம் செய்ய வேண்டும், தண்ணீர் யாருடையது என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது போல.

நம் அரசமைப்பை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 15ஆம் பிரிவில் கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு குளிக்கும் படித்துறையையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். சவதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கு அடிபட்ட கூட்டத்தின் தலைவர்தான் வரைவுக் குழுவின் தலைவராக இருந்தார். குற்றாலத்தில் எங்களை இன்றைக்கு யாரும் தடுக்க முடியாது. டிக்கெட் கூடக் கிடையாது. அதனால் சாதி அங்கே இல்லை என்று பொருளா? கையைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வரும் பையன்கள் ஒன்றை மட்டும் கழற்றுவதில்லை. மணிக்கட்டில் கயிறு. இரண்டு நிறம், மூன்று நிறம். இந்த மாவட்டத்துக்காரனுக்கு நிறத்தைப் பார்த்தால் போதும், சாதி தெரிந்துவிடும். உச்சியிலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில் ஐம்பது கைகள் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, ஐம்பதிலும் நிறம் நிறமாக நனைந்த கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து நம் மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறோ மோதிரமோ நெற்றிக் குறியோ அணியக் கூடாது என்று பரிந்துரைத்தார். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பை நாம் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் கழற்றச் சொன்னால் மதத்தில் தலையிடுகிறார்கள் என்கிறார்கள். குளிக்கப் போனாலும் கழற்றாத அளவுக்கு அது மதத்தில் எந்த மூலையில் இருக்கிறதோ தெரியவில்லை.

இதில் நம் வீட்டுப் பிள்ளைகளும் விலக்கில்லை. அவன் கட்டினால் நானும் கட்டுவேன் என்று எங்கள் தெருப் பையன்களும் கட்டுகிறார்கள். புரிகிறது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போன வருடம் எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவனிடம் இதைச் சொல்லி, குளிக்கும் நேரமாவது கழற்றலாமே என்று கேட்டோம். "நான் கழட்டிட்டா அவங்க என்னை என்னன்னு நெனப்பாங்க?" என்றான். யார் 'அவங்க' என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இந்த ஆண்டு வந்தபோதும் கயிறு கையில் இருந்தது.

எங்களில் ஒருவருக்கு நெஞ்சில் அம்பேத்கர் படம் பச்சை குத்தியிருக்கும். ஐந்தருவி வரிசையில் பக்கத்தில் நின்றவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி எந்த ஊரு?"

சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரைச் சொன்னோம்.

"நமக்கும் அங்க சொந்தம் உண்டு. ஊர்ல எந்தத் தெரு?"

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி புதிது இல்லை. தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி. எங்கள் தோழர் நிதானமாக, "அம்பேத்கர் நகர்" என்றார். "ஓஹோ" என்றார் அவர். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வரிசையில் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விழுந்தது. பின்னால் இருந்து ஒரு சின்னப் பையன் ஓடிவந்து அந்த இடத்தில் நின்றுகொண்டான். ஒரே ஐந்து கிளைத் தண்ணீரில் எல்லாருமாகக் குளித்துவிட்டுத்தான் வந்தோம். இதைப் பெரிய கொடுமை என்று சொல்ல வரவில்லை. 2022இல் இதே மாவட்டத்தில் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் குழந்தைகளுக்கு மிட்டாய் விற்க மறுத்த கடைக்காரரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வெறும் உடம்போடு நிற்கிற இடத்திலும் தெரு கூட வந்துவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

தங்குமிடமும் இப்படித்தான். சாதிப் பெயர் போட்ட சத்திரங்களில் நமக்கு வேலை இல்லை. ஒருமுறை ஒரு தனியார் லாட்ஜில் அடையாள அட்டையில் தெருப் பெயரைப் பார்த்ததும் காலியாக இருந்த அறை நிறைந்துவிட்டது. அதிலிருந்து தென்காசியில் ஒரு தோழர் வீட்டு மொட்டை மாடிதான். அங்கே பாய் விரித்துப் படுத்தால் பொதிகைக் காற்று ராத்திரி முழுக்க வருகிறது. குளித்துவிட்டு வந்த பசிக்கு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். அதைப் பற்றி ஏற்கெனவே ஊரே எழுதிவிட்டது.

இவ்வளவும் ஆண்களின் கதை. எங்கள் கூட்டத்துப் பெண்கள் இதைப் படித்ததும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் பெண்கள் நைட்டி, சுடிதார், சேலை எல்லாவற்றோடும் குளிக்கிறார்கள். நனைந்த துணி உடம்பில் ஒட்டும், அதைப் பார்க்க இந்தப் பக்கம் பத்து ஆள் நிற்பான், செல்போன் வைத்திருப்பான். உடை மாற்றும் அறையில் வரிசை அருவி வரிசையைவிட நீளம். ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு காத்திருந்து, தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தோழி பிடித்துக்கொள்ள மாற்ற வேண்டும். கழற்றும் சுகம், அது தரும் சமத்துவம் என்று நாங்கள் உருகியதற்கு ஓர் அக்கா கொடுத்த பதில் இது. "மூடுறதுக்கு அந்தக் காலத்துல அடி வாங்குனாங்க. இப்ப மூடலன்னா அடி விழுது. கழட்டச் சொல்றதும் அவனுவதான், மூடச் சொல்றதும் அவனுவதான். நீங்க வரிசையில நின்னு தத்துவம் பேசுங்க, நாங்க குளிக்க ஒரு நேரம் பாத்து வச்சிருக்கோம்."

அந்த நேரம் அதிகாலை மூன்றரை. சீசனில் பேரருவியில் ராத்திரியும் விளக்கு எரியும், குளிக்கலாம். அந்த வேளையில் கூட்டம் இருக்காது, பெண்கள் பக்கம் அநேகமாகக் காலி. இந்த ஆண்டு ஒன்பது பேர் போனார்கள். மூத்தவருக்கு எழுபது இருக்கும், இளையது ஆறாம் வகுப்பு. என்ன உடுத்திக் குளித்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்களுக்குக் கொடுத்த வேலை பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வது. கோயில் மதில் ஓரமாக, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் இறங்காத அண்ணனும் இருந்தார். குரங்குகள் தூங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவர்கள் சிரிப்பது ஒரு மணி நேரம் கேட்டது.